குவாரிப் பள்ளமும் கண்மாய்த் தண்ணீரும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். மழை இறங்கியதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரத்துக்காலைப் பார்க்கப் போவார்கள். மலையடிவாரத்தில் இறங்கும் தண்ணீர் எங்கேயாவது அடைபட்டு நிற்கிறதா, கரை உடைந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த வழியில் ஒரு புதிய தடை சேர்ந்துகொண்டது. அதுதான் கல் குவாரி. மதுரை மாவட்டத்தில் கிரானைட் வெட்டியதில் நடந்த முறைகேடு நாடறிந்த செய்தி. ஆனால் அதில் அரசு இழந்த பணக் கணக்கு பேசப்பட்ட அளவுக்குத் தண்ணீர்க் கணக்கு பேசப்படவில்லை. குவாரிக்கு அருகில் இருக்கும் ஊர்களில் மக்கள் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

மலையை வெட்டினால் கண்மாய் ஏன் வற்ற வேண்டும்? மழை பெய்தால் நிரம்பாதா?

மதுரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். கொட்டும் நாட்களில் பிடித்து வைத்தால்தான் கோடை வரை தண்ணீர். கண்மாய்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வெட்டப்பட்டவைதான்.

மலையின் பாறைச் சரிவில் விழும் மழை சிறு ஓடைகளாக இறங்கி அடிவாரக் கண்மாயைச் சேர்கிறது. அது நிரம்பியதும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஒன்றின் உபரி அடுத்ததற்கு வரத்து. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி இதற்கு நல்ல உதாரணம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் அங்கே இருப்பதாக அரசே பட்டியலிட்டிருக்கிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அங்கேதான் இருக்கிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது.

குன்றை வெட்டினால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுகிறது. ஓடையில் இறங்க வேண்டிய தண்ணீர் பள்ளத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். மழை அதே அளவு பெய்தாலும் கண்மாய்க்கு வந்து சேர்வது குறையும். முதல் கண்மாய் மறுகால் பாயாத ஆண்டில் கீழே உள்ள கண்மாய்களும் காய்ந்து கிடக்கும்.

எங்கள் பகுதி பெரியாறு பாசனத்தில் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வரும்போது ஓடை எதற்கு?

பெரியாறு பாசனத்தில் மேலூர்ப் பகுதி ஒருபோகப் பகுதி. 85,563 ஏக்கர் அதில் அடங்கும். அணையில் இருப்பு போதாத ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும், நாட்களும் குறையும். அப்போது பயிரைக் காப்பாற்றுவது கண்மாயில் தேங்கிய மழைத் தண்ணீரும், அதனால் ஊறிய கிணறும்தான். மேட்டில் இருக்கும் மானாவாரி ஊர்களுக்கோ அந்தக் கால்வாயும் கிடையாது. ஓடையை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

குவாரிக்குள் ஓர் ஓடை குறுக்கே வந்தால் அதைத் திருப்பிவிடலாமா?

குத்தகைதாரர் தம் விருப்பப்படி திருப்பிவிட முடியாது. இயற்கை நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது, அரசின் முன் அனுமதியின்றி ஓடையின் போக்கை மாற்றக் கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. தமிழ்நாட்டில் ஒப்புதல் பெறும் சுரங்கத் திட்டங்களில் பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டரும், ஓடை, கண்மாய் போன்றவற்றுக்குப் பொதுவாக 50 மீட்டரும் பாதுகாப்பு இடைவெளியாக விடப்படுகின்றன. அந்த இடைவெளிக்குள் வெட்டவும் கூடாது, கழிவுக் கல்லைக் கொட்டவும் கூடாது.

அனுமதியோடு திருப்பினாலும் அது எளிய வேலை இல்லை. ஓடை வளைந்து வளைந்து போவதால்தான் அதன் வேகம் மட்டுப்படுகிறது. அதை நேராக வெட்டிவிட்டால் தூரம் குறைந்து வேகம் கூடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியல் விதி. அதனால் புதிய கால் தன் படுகையைத் தானே அரிக்கும், கரையையும் தின்னும். அரித்த மண் கீழே உள்ள கண்மாயில் போய்ப் படியும். திருப்பிவிடும் ஓடைக்குப் பழைய ஓடையின் சரிவும் அகலமும் இருக்க வேண்டும். வளைவுகளில் கல் பாவ வேண்டும். சரிவு அதிகமான இடங்களில் படிப்படியாகத் தடுப்பு கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பழைய கண்மாய்க்கே போய்ச் சேர வேண்டும்.

பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலிக்குப் போக வேண்டும். அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு 12 கிலோமீட்டர் நீளத்துக்கு நிரந்தர மாற்றுப் பாதை வெட்டப்பட்டது. 10.5 கிலோமீட்டர் வேலை முடிந்த நிலையில், 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கிய காட்சியைத் தமிழகமே பார்த்துப் பதறியது. மழை வெள்ளம் சுரங்கத்துக்குள் புகாமல் இருக்க அந்தப் பாதை தேவை என்று நிறுவனம் சொன்னது. ஆற்றின் வழியில் சுரங்கம் போகுமானால் அதன் விலையை யாரோ ஒரு விவசாயி கொடுக்க நேர்கிறது என்பதை அந்தக் காட்சி காட்டிவிட்டது.

சுற்று வடிகால் என்கிறார்களே, அது என்ன?

குவாரியில் தண்ணீரைக் கையாள்வதற்கு அடிப்படை விதி ஒன்று உண்டு. வெளியே ஓடும் நல்ல தண்ணீரும் உள்ளே விழுந்து கலங்கிய தண்ணீரும் கலக்கக் கூடாது. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் பள்ளத்துக்குள் விழுவதற்கு முன்பே, குவாரியைச் சுற்றி மாலை போட்டது போல வெட்டிய வாய்க்கால் அதை மறித்து ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் சுற்று வடிகால். கழிவுக் கல் மேட்டைச் சுற்றியும் இப்படி ஒரு வடிகால் வேண்டும். மூலைகளில் வண்டல் குழிகள் வேண்டும்.

எங்கள் ஊர்க் குவாரியைச் சுற்றி இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அது போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரை நகரில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதில் 45 மில்லிமீட்டர் பிற்பகலில் பதினைந்தே நிமிடங்களில் கொட்டியது. செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் மிதந்ததை நகரம் மறந்திருக்காது.

அதே மழை ஒரு குவாரிக்கு மேலே உள்ள 10 ஹெக்டேர் பாறைச் சரிவில் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 10 ஹெக்டேரில் 45 மில்லிமீட்டர் என்றால் 45 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 375 லாரி. வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது, பெரும்பகுதி அப்படியே ஓடி வரும். முழுவதும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இறங்கினால் நொடிக்கு 5,000 லிட்டர். இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள மண் வாய்க்கால் சாதாரணச் சரிவில் நொடிக்கு 500 லிட்டர் அளவுக்குத்தான் கொண்டுபோகும். மீதித் தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு ஓடும். பள்ளத்திலும் விழும், வயலிலும் பாயும்.

இதனால்தான் பெரிய சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில் 50 ஆண்டு மழைத் தரவைப் பார்த்து, திடீர்ப் பெருமழையின் உச்ச அளவுக்கு மேலும் 50 சதவீதம் கூடுதலாக வைத்து, தண்ணீர் சேரும் தொட்டிகளை வடிவமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். வடிகால்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் தூர்வார வேண்டும் என்பதும் நிபந்தனை. புல் முளைத்துத் தூர்ந்துபோன வடிகால் திட்ட வரைபடத்தில் கோடாக இருக்கும், மழை நாளில் உதவாது.

பள்ளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் இறைக்கிறார்கள். பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. இது கெடுதலா?

கெடுதல்தான். அந்த வெள்ளை கல்லை அறுத்த, துளைத்த, உடைத்த தூள். கொஞ்சம் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள். மணல் சில நொடிகளில் அடியில் உட்கார்ந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் அசையாத தண்ணீரிலேயே பதினொரு நாளைக்கு மேல். மறுநாள் காலையிலும் பாட்டில் கலங்கலாகவே இருந்தால், அந்தத் தண்ணீர் வண்டல் தொட்டியில் போதிய நேரம் தங்கவில்லை என்று அர்த்தம்.

ஓடையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான பொதுத் தரநிலை. பள்ளத்துத் தண்ணீரை நேரடியாக ஓடையில் இறைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று தொட்டிகளில் நிறுத்தித் தெளியவைத்துத்தான் விட வேண்டும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மடை வாயில் குனிந்து பார்த்தால் தெரியும். கல் தூள் படிந்த இடம் மழைக்காலத்தில் களி போல வழுக்கும், வெயிலில் சிமெண்டு பூசியது போல இறுகிவிடும். கண்மாயின் தரை அப்படி இறுகினால் தண்ணீர் கீழே ஊறாது, பக்கத்துக் கிணறுகளில் ஊற்று குறையும். வயலில் படிந்தால் நாற்றின் வேருக்குக் காற்றோட்டம் இருக்காது. கண்மாயில் இயல்பாகச் சேரும் கரம்பை மண் வயலுக்கு உரம். கல் தூளில் அந்தச் சத்து எதுவும் கிடையாது.

மண் அரிப்பு ஒரு சுரங்கத்தின் தலையெழுத்தையே மாற்றிய வரலாறும் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து பத்திரா ஆற்றில் வண்டல் இறங்குவது பெரும் வழக்காகி, 2002இல் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. 2005 முடிவோடு அங்கே வெட்டுவது நின்றது.

கழிவுக் கல்லை மலைபோலக் குவித்திருக்கிறார்கள். அது சரிந்து வருமா?

கிரானைட்டில் விற்பனைக்கு ஏற்ற கல் குறைவு. விரிசலும் கறையும் இல்லாத கல்லைத்தான் வாங்குவார்கள். வெட்டியதில் பெரும்பகுதி கழிவாகக் குவிகிறது. கல்லோடு மேல்மண்ணும் கிராவலும் கலந்து கொட்டப்படும்போதுதான் ஆபத்து. மழையில் மண் கரைந்து ஓட, பிடிமானம் இழந்த கல் உருளும்.

முறையாகச் செய்வதென்றால் முதலில் மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். கழிவை ஒரே குவியலாகக் கொட்டாமல் படிப்படியாக அடுக்க வேண்டும். பெரிய சுரங்கங்களின் கழிவு மேடுகளுக்கு மொத்தச் சரிவு 28 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை வைப்பார்கள். மேட்டின் அடியில் தாங்குசுவர் கட்டி, அதன் வெளிப்புறம் வடிகால் வெட்ட வேண்டும். வேலை முடிந்த படிகளில் எடுத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, வெட்டிவேரும் புல்லும் நட வேண்டும். வெட்டிவேர் நேர்கீழாக ஆழமாக இறங்கும், மண்ணைக் கவ்விப் பிடிக்கும்.

வேலை முடிந்த குவாரியில் தண்ணீர் நிறைந்து நிற்கிறதே. ஊருக்கு அது லாபம்தானே?

முழுக்க லாபம் என்று சொல்ல முடியாது. அதில் ஒரு பங்கு கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர். இன்னொரு பங்கு சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஊற்று. பள்ளம் கிணற்றைவிட ஆழமாக இருந்தால் நிலத்தடி நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஊறும். கண்மாய்த் தண்ணீர் மடையைத் திறந்தால் தானாகப் பாயும். பள்ளத்துத் தண்ணீரை டீசல் போட்டு இறைக்க வேண்டும். செங்குத்தான சுவர், ஆழம் தெரியாத தண்ணீர், ஏறப் படி இல்லாத கரை. குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வருகிறது. வேலி இல்லாத பள்ளம் எந்த ஊருக்கும் வேண்டாம்.

பயன்படுத்தும் வழியும் உண்டு. 2017 வறட்சியில் சென்னை மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரைச் சோதித்து, சுத்திகரித்து, குடிநீராக வழங்கினார்கள். சோதனையும் வேலியும் இருந்தால் நம் பகுதியிலும் சில பள்ளங்களை நீர்த்தேக்கமாக்கலாம். வெட்டி முடித்த நிலத்தில் கால்நடைக்கும் காட்டுயிர்க்கும் தீவனமாகும்படி புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். புல் வளர்ந்த தரையில் மண் அரிப்பு தானாகக் குறையும்.

இவ்வளவு விதிகள் இருந்தும் மேலூரில் கிரானைட் முறைகேடு ஏன் நடந்தது?

விதி ஏட்டில் இருந்தது, ஓடையோரம் நின்று பார்க்க ஆள் இல்லை. 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் முறைகேடுகள் குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையும், அவருக்குப் பின் வந்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ரா காலத்தில் நடந்த ஆய்வுகளும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். அரசுக்கு ஏற்பட்ட இழப்போடு, கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் சிதைக்கப்பட்டதும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. பணத்தை அபராதம் போட்டு வசூலிக்கலாம். மூடிய ஓடையை மீட்க மண்வெட்டியும் பொக்லைனும் அளவையரும் வேண்டும். அந்த வேலை பல இடங்களில் இன்னும் பாக்கி இருக்கிறது.

டங்ஸ்டன் ஏலம் ரத்தாகிவிட்டது. இனிக் கவலை இல்லையா?

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பகுதி விவசாயிகள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் ஒற்றுமையாக நின்று பெற்ற வெற்றி இது.

ஆனால் அந்த ஒரு தொகுதியோடு கவலை தீரவில்லை. 2023 அக்டோபரில் சேக்கிபட்டி, அய்யாபட்டி, திருச்சுனைப் பகுதிகளில் கிரானைட் குவாரி ஏலம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த அறிவிப்பு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

அப்படியானால் குவாரியே கூடாது என்கிறீர்களா? வீடு கட்டக் கல் வேண்டாமா?

வீட்டுக்கும் சாலைக்கும் கல் வேண்டும். அந்த வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்பதுதான் கேள்வி. சுனைகளும் ஓடைகளும் பிறக்கும் குன்றுகளில் வெட்டக் கூடாது, அங்கே எந்த வடிகாலும் இழப்பை ஈடுசெய்யாது. மற்ற இடங்களில் முதல் வெடி வைப்பதற்கு முன்பே சுற்று வடிகாலும் வண்டல் தொட்டியும் தயாராக இருக்க வேண்டும்.

சாதாரண ஆளான நான் என்ன செய்ய முடியும்?

முதலில் ஆவணம். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் ஓடையும் வரத்துக்காலும் எந்தப் புல எண்ணில், எத்தனை மீட்டர் அகலத்தில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கேட்டு வாங்கி, அதில் சொன்ன வடிகால் தரையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறை இருந்தால் நாளும் நேரமும் இடமும் எழுதி, படம் எடுத்து, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியரும் நீர்வளத் துறையும், கலங்கிய தண்ணீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், எல்லை மீறிய வெட்டு என்றால் கனிமவளத் துறையும் பதில் சொல்ல வேண்டியவர்கள். கிராம சபையில் தீர்மானமும் போட்டு வையுங்கள். அங்கெல்லாம் தீராவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் காலையில் ஊரில் நான்கு பேர் சேர்ந்து, வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவரையும் அழைத்துக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து மடை வரை ஓடையோடு நடந்து வாருங்கள். கூடவே பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஓடை எங்கே போனது என்று தெரிந்த ஆள் ஊரில் இருக்கும் வரைதான் அதை மீட்க முடியும்.